சம்பந்திக்கு ஒரு வெள்ளைச் சால்வை

"மணிக்கூடு மட்டும் குடுத்திடாதேங்கோ அப்பா" என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் ஏற்கெனவே ஒன்றை வாங்கிக் கடதாசி சுற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். வேறென்ன வாங்குவது? சுவிஸில் மணிக்கூட்டுக்குப் பேர்போன லா ஷோ-து-ஃபோனில் இருந்துகொண்டு ஒரு மனிதன் விருந்தாளிக்கு மணிக்கூடு கொடுக்காமல் எதைக் கொடுப்பான்? இந்த ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் கைக்கடிகாரக் கூடுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் அவளைப் படிக்க வைத்தேன். சீனாவிலிருந்து முதல்தரம் வீட்டுக்கு வருகிற சம்பந்திக்கு இந்த ஊர்ச் சாமான் ஒன்றைக் கொடுக்க ஆசைப்பட்டது ஒரு குற்றமா?

"அவையளின்ரை வழக்கத்திலை வயசானவைக்கு மணிக்கூடு குடுக்கிறது, உங்களுக்குக் காலம் முடிஞ்சுது எண்டு சொல்லுற மாதிரி. குடையும் வேண்டாம், உறவு பிரிஞ்சுபோகுமாம். கத்தி, கத்தரிக்கோல் வேண்டாம். சப்பாத்தும் வேண்டாம். எதையும் நாலு நாலாக் குடுக்கவே கூடாது."

"அப்ப என்னத்தைத்தான் குடுக்கிறது?"

"ஒண்டும் குடுக்க வேண்டாம். நீங்கள் சும்மா இருங்கோ, அது காணும்."

சும்மா இரு என்றால் சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. அது என் மகளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னாள், பாவம்.

அவள் ஜெனீவாவில் வேலை செய்கிறாள். அதே அலுவலகத்தில் வேலை செய்கிற சீனப் பெடியன் ஒருவனைக் கட்டப்போவதாகச் சொன்ன நாளில் நான் போட்ட சத்தத்துக்கு மேல்மாடி போர்த்துக்கீசக்காரி கதவைத் தட்டி எல்லாம் சரியா என்று கேட்டாள். பிறகு அவன் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தை வாசலிலேயே கழற்றினான். மனைவி கொடுத்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் வாங்கினான். இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னபோது மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான்காம் தரம் தட்டை நீட்டினான். நான் உள்ளுக்குள் சிரித்தேன். இந்த நாட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மறுபேச்சுக் கிடையாது. எங்கள் ஆட்களைப் போலவே வேண்டாம் சொல்லத் தெரிந்த ஒருவனை அன்றைக்குத்தான் கண்டேன். என் கோபம் பாதி அங்கேயே போய்விட்டது.

ஆனால் அவன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தான். தன் தாய் மனதாரச் சம்மதித்தால் மட்டுமே கல்யாணம். தாயும் தகப்பனும் ஷாங்காய்க்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எங்களைப் பார்க்க வருவார்கள், வந்து பார்த்துவிட்டுச் சொல்வார்கள். ஆவணியில் பேர்ன் கோயிலில் தாலி கட்டுவதாக நாங்கள் நினைத்திருந்தோம். அதெல்லாம் அந்த ஒரு வருகையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தகப்பனுக்குப் போன வருடம் வயிற்றில் சின்ன ஒப்பரேஷன் ஒன்று நடந்ததாகவும் இப்போது சுகம் என்றும் மகள் சொல்லியிருந்தாள். சின்ன ஒப்பரேஷன் என்றுதான் சொன்னாள்.

கொடுக்கக்கூடாதவற்றை எல்லாம் அந்தப் பெடியன்தான் சிரித்துச் சிரித்து அவளுக்குச் சொல்லியிருக்கிறான். தனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை என்றும், தாய்க்காகத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னானாம். ஒருவர் செய்வார் என்று நமக்குத் தோன்றுவதைத்தான் செய்யாதே என்று நம்மால் சொல்ல முடியும். நான் செய்யப்போவது அவனுக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

நாளைக் குறித்தது என் மனைவி. நல்ல காரியம் கதைக்கிற நாள், வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும் என்றாள். வெள்ளி என்றால் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. சீனாக்காரர் மரக்கறியை எப்படிச் சாப்பிடுவார்கள் என்று யோசித்து, அவர்களுக்குப் பழக்கமான சாமான் ஒன்றாவது இருக்கட்டும் என்று டோஃபு என்கிற சோயாக் கட்டி வாங்கி வந்து, தேங்காய்ப்பால் விட்டு ஒரு கறி வைத்தாள். அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை! காலையிலேயே வீட்டைக் கழுவி, சாமியறையில் விளக்கேற்றி, ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். கூடத்தில் தொங்குகிற என் தகப்பனாரின் படத்துக்கு மாலை போட்டு அதன் முன்னாலும் ஒரு விளக்கு வைத்தாள். பெரியவரின் ஆசீர்வாதம் இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் தொடங்குவதில்லை.

நான் என் பங்குக்கு, ஒருவருக்கும் சொல்லாமல், சூரிச்சுக்குப் போய் நல்ல பட்டு வேட்டியும் சால்வையும் வாங்கி வந்தேன். வெள்ளை வெளேர் என்று, மெல்லிய சரிகைக் கரை போட்டது. சம்பந்திக்குச் செய்கிற மரியாதை அது. மணிக்கூடு இல்லை, குடை இல்லை, கத்தி இல்லை, சப்பாத்து இல்லை. இரண்டே இரண்டு துணி. நாலுகூட இல்லை.

அவர்கள் வந்தார்கள். தகப்பன் மெலிந்த, உயரமான மனிதர். சிரித்தால் கண் காணாமல் போய்விடும். தாய் சின்னவர், நேரான முதுகு, எல்லாவற்றையும் பார்க்கிற கண். சிவப்புக் கடதாசி சுற்றிய பெட்டிகளை இரட்டை இரட்டையாகக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம், அவர்கள் வற்புறுத்தினார்கள், நாங்கள் திரும்பவும் வேண்டாம் என்றோம். "அப்பா, வாங்குங்கோவன்" என்று மகள் பல்லைக் கடித்தாள். அவளுக்கு இந்த விளையாட்டு விளங்காது, சுவிஸ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் நாலு பேருக்கும் நன்றாக விளங்கியது. அந்த நிமிடத்தில் எனக்கு அவர்களை மிகவும் பிடித்துப்போனது.

கதை இரண்டு வாய் தாண்டிப் போக வேண்டியிருந்தது. நான் தமிழில் சொல்ல, மகள் பிரெஞ்சில் சொல்ல, பெடியன் அதைச் சீனத்தில் சொல்வான். நான் மூச்சுப் பிடித்து நீளமாகச் சொன்னது அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது இரண்டே சொல்லாக இருந்தது. என்ன வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் தாய் டோஃபுக் கறியைப் பார்த்தார். பிறகு மச்சம் ஏதும் இருக்கிறதா என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் தகப்பனாரின் படத்தையும் விளக்கையும் ஊதுபத்தியையும் பார்த்தார். கொஞ்சமாகச் சாப்பிட்டார். மரக்கறி பிடிக்கவில்லையாக்கும் என்று என் மனைவி அப்பளத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

சாப்பிட்டு முடிந்ததும் நான் தட்டோடு வந்தேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், வேட்டி. சம்பந்தியை எழும்பச் சொன்னேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே எழும்பி நின்றார், நான் சால்வையை விரித்து அவர் தோளில் போர்த்தினேன்.

அந்த அம்மா போட்டது போன்ற சத்தத்தை நான் இதுவரை யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. அவர் இருந்த கதிரை விழுந்தது. பாய்ந்து வந்து கணவரின் தோளிலிருந்து சால்வையைப் பறித்து எடுத்தார். எறியவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஸா வா, ஸா வா", பரவாயில்லை என்று பெடியன் பிரெஞ்சில் எங்களுக்கும், சீனத்தில் ஏதோ தாய்க்கும் சொல்லிக்கொண்டிருந்தான். சம்பந்தி மட்டும் இன்னும் சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அது என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு, எனக்கு வெட்கம் வரக்கூடாது என்று. சற்று நேரத்தில் களைப்பாக இருக்கிறது என்று சொல்லி எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

பிறகுதான் மகள் தொலைபேசியில் அழுதழுது சொன்னாள். அவர்களின் ஊரில் வெள்ளைத் துணி செத்தவருக்கும் அவருக்காகத் துக்கம் காக்கிறவர்களுக்கும் உரியது. படத்தின் முன்னால் விளக்கும் ஊதுபத்தியும் செத்த வீட்டில்தான். அடக்கம் முடித்து வருகிறவர்களை இருத்திச் சாப்பாடு போடுவார்கள், அந்தச் சாப்பாட்டில் முக்கியமானது டோஃபு. நாங்கள் மங்களம் என்று பார்த்துப் பார்த்து வைத்த ஒவ்வொன்றும் அந்த அம்மாவுக்குத் தன் கணவரின் செத்தவீடாகத் தெரிந்திருக்கிறது. கடைசியில் அவரை எழுப்பி நிறுத்தி நான் வெள்ளையும் போர்த்திவிட்டேன்.

"அதுவும் அப்பா, அவருக்கு வந்தது சின்ன வருத்தம் இல்லை. கான்சர். உங்களுக்குச் சொன்னா நீங்கள் என்னவும் நினைப்பியள் எண்டு நான் சொல்லேல்ல."

என்ன நினைப்பேன்? எங்கள் வழக்கத்தில் அது மாப்பிள்ளைக்குப் போடுகிற துணி, அதைக் கட்டித்தான் நான் உன் அம்மாவுக்குத் தாலி கட்டினேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். "விடுங்கோ அப்பா" என்றாள். "இனி அதைப் பற்றிக் கதைக்காதேங்கோ. கதைக்கக் கதைக்கத்தான் பெருசாகும்." பெடியனும் அப்படித்தான் நினைத்தானாம். எனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் இருந்த இரண்டு வாயும் மூடிக்கொண்டன. நான் என்ன செய்வேன்? எனக்கு அவரின் மொழியில் ஒரு சொல் தெரியாது.

அடுத்த நாள் காலை, சொல் இல்லாவிட்டாலும் ஆளாவது போவோம் என்று அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் புறப்பட்டேன். வெறுங்கையோடு போகக்கூடாது. பழம் வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே போய் நின்றதும் கால் நகரவில்லை. அப்பிளில் என்ன கேடு இருக்கிறது? பெயாரில் என்ன இருக்கிறது? முந்திரிகைக் குலை என்றால் யார் சாகிறார்கள்? மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. பழத்தட்டுக்கு முன்னால் பெரிய மனிதன் ஒருவன் நின்று முழிப்பதைப் பார்த்து, கடைப் பெண் உதவி வேண்டுமா என்று கேட்டாள். இதில் எதைக் கொடுத்தால் ஒருவர் சாகமாட்டார் என்று பிரெஞ்சில் எப்படிக் கேட்பது? கடைசியில் தோடம்பழத்தை அள்ளினேன். அப்பிள் பச்சை, முந்திரிகை கறுப்பு; அவர்களின் பெட்டிச் சிவப்புக்குக் கிட்டிய ஆரஞ்சு நிறம் அதுதான்.

சம்பந்தி ஹோட்டல் கூடத்துக்குத் தனியாக இறங்கி வந்தார். தாய் வரவில்லை. அவர் பையை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே பார்த்துவிட்டுப் பெரிதாகத் தலையாட்டினார். தோடம்பழம் தப்பில்லை என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இருவரும் இருந்தோம். அவர் ஒரு பழத்தை எடுத்து, தோல் அறுபடாமல் உரித்து, பாதியை எனக்குத் தந்தார். நான் என் தோளைத் தொட்டுக் காட்டி, நெஞ்சில் கை வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "அது நல்லதுக்குத்தான் அண்ணை. உங்களை மதிச்சுத்தான் போட்டனான்." அவர் சீனத்தில் ஏதோ பதில் சொன்னார். என் முழங்காலில் தட்டினார். பழத்தைத் தின்று முடித்தோம். நான் எழும்பியபோது வரவேற்பு மேசை வரை வந்து, பிறகு வாசல் வரை வந்து, பிறகு தெரு முனை வரை வந்து வழியனுப்பினார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு யாரும் என்னை அப்படி வழியனுப்பியதில்லை.

அவர்கள் திரும்பிப் போனார்கள். கல்யாணத்தை இப்போதைக்குத் தள்ளிவைப்போம், அவரின் அடுத்த ஸ்கான் நல்லதாக வரட்டும் என்று தாய் சொன்னதாக மகள் சொன்னாள். பேர்ன் கோயிலுக்குத் தொலைபேசி எடுத்து, நாள் வேண்டாம் என்று சொன்னோம். எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் என் மனைவியும் அதே சாதிதான். வாசலில் யாராவது தும்மினால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவாள். அவளின் கணவன்மேல் யாராவது அப்படி ஒன்றைப் போர்த்தியிருந்தால் வீட்டையே கொளுத்தியிருப்பாள்.

ஸ்கான் நல்லதாக வரவில்லை. வருத்தம் ஈரலுக்குப் போய்விட்டது. மருத்துவர்கள் மாதக் கணக்கில் கதைத்தார்கள். வெள்ளைத் துணிக்கும் ஈரலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். என் மகள் அதைத் தமிழிலும் பிரெஞ்சிலும் எனக்குச் சொன்னாள். தெரிந்து என்ன? சாப்பிட உட்கார்ந்தால் அந்த மனிதரின் தோள்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

பிறகுதான் யாருமே எதிர்பாராத ஒன்று வந்தது. தள்ளிப்போடச் சொன்ன அதே தாய், கல்யாணத்தை உடனே வைக்க வேண்டும், அங்கேயே வைக்க வேண்டும் என்று கேட்டார். வீட்டில் ஒருவர் கடும் நோயாகக் கிடந்தால் ஒரு கல்யாணத்தை நடத்துவது அங்கே பழைய வழக்கமாம். அந்தச் சந்தோஷம் உள்ளே வர, நோய் வெளியே போகும் என்று நம்பிக்கை. பெடியன் படித்தவன், வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் சொன்னானாம். ஆனால் தாய்க்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"என்ரை பிள்ளை என்ன மருந்தோ?" என்று கத்தினேன். "உன்னைக் கரைச்சுக் குடுக்கப் போகினமோ?"

"அப்பா, அந்த மனுசன் சாகப்போறார். இவன்ரை அம்மா என்னட்டைக் கேக்கிறா. நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

மனைவி குசினிக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போனபோது அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "பிழைச்சா இவள் மகாலட்சுமி. பிழைக்காட்டி?" அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவளின் அக்கா கல்யாணம் கட்டிப்போன வருடமே மாமனார் மாரடைப்பில் போனார். மருமகள் காலடி எடுத்து வைத்த நேரம் என்றார்கள். அந்தச் சொல்லை அக்கா சாகும்வரை கேட்டாள். சீனாவிலும் மாமனார் உண்டு, மருமகள் உண்டு, ஊர் வாய் உண்டு. அங்கே மட்டும் வேறு விதமாகவா கதைப்பார்கள்?

தடுக்க முடியாது, சரி, கூடவாவது போய் நிற்போம் என்று பார்த்தால் அதுவும் இல்லை. மகளுக்குச் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு, அவளுக்கு விசாவே தேவையில்லை. எனக்கும் மனைவிக்கும் இன்னும் அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம்தான். குடியுரிமைக்கு எழுதிப்போடுவதை ஒவ்வொரு வருடமும் பஞ்சியில், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட்டிருந்தோம். அந்தப் புத்தகத்துக்கு விசா கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், எப்படியும் வாரங்கள் எடுக்கும் என்றார்கள். மாதங்கள் என்ற மருத்துவர்கள் இப்போது நாட்கள் என்றார்கள்; அந்த மனிதரிடம் வாரங்கள் இருக்கவில்லை.

என் ஒரே மகளின் கல்யாணத்தை நான் கையகலத் தொலைபேசிக் கண்ணாடியில் பார்த்தேன். இங்கே காலைத் தேத்தண்ணி நேரம். மனைவி கூறைச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தாள். அங்கே எல்லாம் சிவப்பு. மகளும் சிவப்பு, சுவரும் சிவப்பு. சம்பந்திக்கும் சிவப்புச் சட்டை போட்டு, நாற்காலியில் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்தியிருந்தார்கள். அவர் பாதியாகிப் போயிருந்தார். என் மகள் முழங்காலில் நின்று, தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் அவருக்கு நீட்டினாள். அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. அவள் பிடித்துக்கொண்டே பருக்கினாள். அவர் குடித்துவிட்டு, தொலைபேசியைப் பார்த்து, கண் காணாமல் போகிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "பிழைச்சிடுங்கோ அண்ணை" என்று நான் சத்தமாகவே சொன்னேன். அப்படி ஒருவரையும் நான் வாழ்க்கையில் கெஞ்சியதில்லை. மனைவி மணமக்களுக்குத் தூவுகிற அறுகரிசியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் இருந்தாள்.

அவர் பிழைக்கவில்லை. அந்த மாதம்கூட முடியவில்லை.

மகளின் அழைப்பு வந்தபோது நான் வேலையில் இருந்தேன், பத்து மணி இடைவேளை. இயந்திரச் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துப் படிக்கட்டில் போய் நின்றேன். அடக்கம் முடிந்துவிட்டது என்றாள். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான், அதை நேரே கேட்கப் பயமாக இருந்தது. சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா என்று சுற்றி வளைத்தேன். பிறகு கேட்டேன்.

"உன்னை ஏதும் சொல்லுகினமோ பிள்ளை?"

"சொந்தக்காரர் கதைக்கினம். எனக்கு விளங்காது எண்டு நினைச்சு எனக்கு முன்னாலயே கதைக்கினம். எனக்கு இப்ப கொஞ்சம் விளங்கும் அப்பா."

"அவ? மாமி?"

"அவ ஒண்டும் சொல்லேல்ல. ஒருத்தரோடையும் கதைக்கிறா இல்லை. கதவைச் சாத்திப்போட்டு இருக்கிறா. நான் கொண்டுபோற கஞ்சியை மட்டும் குடிக்கிறா. வேறை ஆர் குடுத்தாலும் தொடுறா இல்லை." அவளின் மூச்சு எனக்குக் கேட்டது. "நேற்று கஞ்சியிலை பாதியைத் திருப்பி என்னட்டைத் தந்து, என்னைக் குடிக்கச் சொன்னவ. அது நல்லதுக்கோ கெட்டதுக்கோ எண்டு எனக்குத் தெரியேல்ல. இவனிட்டைக் கேட்டா இவன் அழுறான். நான் என்ன செய்யோணும் அப்பா?"

எது கூடும், எது கூடாது என்று வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தப் படிக்கட்டில் நின்று தேடிப் பார்த்தேன், எங்கள் வழக்கத்திலும் அதற்கு ஒன்றும் இல்லை. மேலே இடைவேளை முடிந்ததற்கு மணி அடித்தது.

"குடி பிள்ளை" என்றேன். "அவ தந்தா, குடி."